டோர் பிரௌசர்: முடக்கப்பட்ட தளத்தைத் திறக்க எவ்வளவு தூரம் நம்பலாம்?

2025 பிப்ரவரி 15 அன்று விகடன் இணையதளம் பலருக்குத் திறக்காமல் போனது. டிரம்ப்புக்குப் பக்கத்தில் விலங்கு பூட்டிய நிலையில் பிரதமர் உட்கார்ந்திருப்பது போன்ற கேலிச்சித்திரம் விகடன் பிளஸ்ஸில் வெளியாகிச் சில நாட்களே ஆகியிருந்தன. அரசிடமிருந்து முறையான அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று விகடன் சொன்னது. மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரப் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தின் மீதான தடையை நீக்கலாம் என்றது. ஒரே ஒரு படத்துக்காக ஒரு பத்திரிகையின் மொத்தத் தளமும் ஏறக்குறைய மூன்று வாரம் முடங்கிக் கிடந்தது.

இப்படி எந்தத் தளம் முடங்கினாலும் வாட்ஸ்அப்பில் உடனே வரும் யோசனைகள் மூன்று: டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) மாற்று, இலவச விபிஎன் (உங்கள் இணைப்பை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை) போடு, டோர் போடு. முதலிரண்டையும் பலர் செய்து பார்த்திருப்பார்கள். மூன்றாவதைப் பற்றி ‘டார்க் வெப்’, ‘போலீஸ் பிடிக்கும்’ என்ற பேச்சே அதிகம். தணிக்கையைத் தாண்டும் கருவி என்ற ஒரே கோணத்தில் டோர் பிரௌசரை இங்கே எடைபோடுகிறோம். இலவசம், மூல நிரல் திறந்தது, விளம்பரம் கிடையாது. விலை வேறு வகையில் இருக்கிறது: வேகம், பொறுமை, கொஞ்சம் புரிதல்.

புரிதலிலிருந்தே ஆரம்பிப்போம். எந்தப் பூட்டு போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் சாவி வாங்குவதால்தான் பாதிப் பேருக்கு டோர் ‘வேலை செய்யவில்லை’.

இந்தியாவில் மத்திய அரசு ஒரு தளத்தை முடக்க வழக்கமாகக் கையில் எடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. 2009-ஆம் ஆண்டின் தடை விதிகளில் 16-ஆம் விதி, புகாரையும் நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அதனால் ஏன் தடை என்று படிக்கிறவருக்குத் தெரியவே வராது. உத்தரவு இணைய நிறுவனங்களுக்குப் போகும். எப்படித் தடுப்பது என்பது அந்தந்த நிறுவனத்தின் பாடு. ஒரே தளம் ஒரு சிம்மில் திறந்து இன்னொரு சிம்மில் திறக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

மலிவான முறை டிஎன்எஸ் தடை. தளத்தின் பெயரைக் கேட்டால் தவறான முகவரியைத் தருவார்கள், அல்லது பதிலே வராது. டிஎன்எஸ்ஸை மாற்றினால் இது போய்விடும். அடுத்தது எஸ்என்ஐ வடிகட்டல். எச்டிடிபிஎஸ் இணைப்பு தொடங்கும்போது பிரௌசர் அனுப்பும் முதல் செய்தியில், போக வேண்டிய தளத்தின் பெயர் பெரும்பாலும் மறைக்கப்படாமல் போகிறது. அந்தப் பெயரைப் படித்து இணைப்பை வெட்டிவிடுவார்கள். ஜியோ இப்படிச் செய்வதை 2019-இல் பெங்களூருவின் சிஐஎஸ் என்ற இணைய ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள் ஆவணப்படுத்தினார்கள். இங்கே டிஎன்எஸ்ஸை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

இந்த இரண்டு பூட்டையும் டோர் பிரௌசர் எந்தக் கூடுதல் அமைப்பும் இல்லாமல் திறந்துவிடும். உங்கள் கணினிக்கும் தளத்துக்கும் நடுவே மூன்று ரிலேக்கள், அதாவது தரவைக் கைமாற்றிவிடும் சர்வர்கள், உட்காருகின்றன. முதல் ரிலேவுக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசி ரிலேவுக்கு எங்கே போகிறீர்கள் என்று தெரியும், யார் என்று தெரியாது. நடு ரிலேவுக்கு இரண்டுமே தெரியாது. தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் வேலையும் கடைசி ரிலேவில்தான் நடக்கிறது. ஆகவே உங்கள் இணைய நிறுவனத்தின் கண்ணில் படுவது, வெளிநாட்டில் ஏதோ ஒரு சர்வருடன் ஒரு மறைகுறி இணைப்பு, அவ்வளவே. விகடன் போன்ற வழக்குகளில் இதுவே போதும்.

ஆனால் அந்த ரிலேக்களின் ஐபி முகவரிப் பட்டியல் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பொதுப் பட்டியல். மணிக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு அரசு நினைத்தால் அந்தப் பட்டியலை அப்படியே ஃபயர்வாலில் ஏற்றிவிடலாம். 2021 டிசம்பரில் ரஷ்யா டோரையும் அதன் இணையதளத்தையும் முடக்கியது. சீனா அதற்கும் பல ஆண்டுகள் முன்பே முடக்கிவிட்டது. அங்கெல்லாம் பிரிட்ஜ் எனும் மறைவான நுழைவாயில் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. அதற்கு முன் நிறுவல்.

நிறுவல்

விண்டோஸ், மேக், லினக்ஸ் கோப்புகள் சுமார் 100 எம்பி. டோரை உருவாக்கும் அமைப்பான டோர் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தளமே முடக்கப்பட்டிருந்தால் அவர்களுடைய ‘கெட்டோர்’ மின்னஞ்சல் சேவைக்கு ‘விண்டோஸ்’ என்று ஒரே ஒரு ஆங்கில வார்த்தையை எழுதி அனுப்பினால் மாற்று இணைப்புகள் வரும். கிட்ஹப்பிலும் கோப்பு கிடைக்கும். யூடியூப் வீடியோவின் கீழே இருக்கும் லிங்க், டெலிகிராம் குழுவில் நண்பர் போட்ட கோப்பு, இதெல்லாம் வேண்டாம். 2022-இல் காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்த ஆனியன்பாய்சன் அப்படித்தான் பரவியது: சீன மொழி யூடியூப் சேனல் ஒன்றின் கீழே போலி டோர் பிரௌசர். பார்க்க அசல் போலவே இருக்கும். பார்வையிட்ட தளங்களின் வரலாற்றையும் படிவங்களில் தட்டச்சு செய்ததையும் அது சேமித்து வைத்தது. டோர் தளம் முடக்கப்பட்ட நாட்டில்தான் போலிக்கு நல்ல சந்தை. தணிக்கையின் பக்கவிளைவுகளில் பேசப்படாத ஒன்று இது.

ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்திலேயே கையொப்பக் கோப்பு இருக்கும். ஜிபிஜி என்ற கையொப்பம் சரிபார்க்கும் கருவியால் பார்த்தால் கோப்பு அசல்தானா என்று தெரிந்துவிடும். முதல்முறை செய்ய இருபது நிமிடம் பிடிக்கும், அலுப்பாகவும் இருக்கும். தமிழ்நாட்டில் சும்மா ஒரு தளம் படிக்கப் போகிறவருக்கு அவசியம் என்று சொல்லமாட்டோம். ஆதாரத்துடன் செய்தியாளரைத் தொடர்புகொள்ள நினைப்பவர் இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

நிறுவியதும் ‘கனெக்ட்’ என்ற ஒரே பொத்தான். நல்ல இணைப்பில் அரை நிமிடத்துக்குள் முடியும். முடியாவிட்டால் கனெக்ஷன் அமைப்புகளுக்குள் போய் டோர் லாக் (log) எனும் பதிவேட்டைத் திறந்து, எத்தனை சதவீதத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணை அலட்சியம் செய்துவிட்டுப் பிரௌசரை நீக்கி மறுபடி நிறுவுவதுதான் எல்லோரும் செய்யும் வீண்வேலை.

5 சதவீதத்தில் நின்றால் ரிலேவையே எட்டவில்லை: ஐபி தடை, அல்லது அலுவலக, கல்லூரி ஃபயர்வால். 10-இல் நின்றால் எட்டிவிட்டது, ஆனால் மறைகுறிக் கைகுலுக்கல் (இணைப்பைத் தொடங்க இரு பக்கமும் செய்யும் முதல் பரிமாற்றம்) நடுவிலேயே வெட்டப்படுகிறது. உள்ளே போகும் தரவை ஆராய்கிற கருவி ஒன்று வழியில் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டுக்கும் மருந்து பிரிட்ஜ். 25 முதல் 30 வரை போய் நின்றால் தடையைச் சந்தேகிப்பதற்கு முன் கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். ரிலே பட்டியலுக்குக் காலாவதி நேரம் உண்டு. கடிகாரம் பல மணி நேரம் தப்பாக இருந்தால் பட்டியல் செல்லாது என்று டோர் ஒதுக்கிவிடும். சுவர்க்கடிகாரத்தோடு ஒத்துப்போகிறதே என்று ஏமாறக் கூடாது. நேர மண்டலம் அமெரிக்காவில் இருக்க, எண்ணை மட்டும் இந்திய நேரத்துக்குக் கையால் திருத்திய பழைய லேப்டாப்கள் இங்கே ஏராளம். 50-க்கு மேல் ஊர்ந்துகொண்டிருந்தால் இணைப்பு மந்தம், காத்திருக்கலாம்.

பிரிட்ஜ்கள்: இந்தக் கருவியின் உயிர் இங்கே

பிரிட்ஜ் என்பது பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவு ரிலே. அதோடு, போகிற தரவின் உருவத்தை மாற்றும் ஒரு முகமூடியும் சேரும். டோர் பிரௌசரில் இப்போது ஓபிஎஃப்எஸ்4, ஸ்னோஃப்ளேக், மீக் மூன்றும் உள்ளேயே வருகின்றன. வெப்டன்னல் பிரிட்ஜை வெளியிலிருந்து கேட்டு வாங்கிச் சேர்க்க வேண்டும். எதைப் போடுவது என்பதில்தான் அனுபவமும் அறியாமையும் பிரிகின்றன.

ஓபிஎஃப்எஸ்4 தரவை முழுக்க முழுக்கத் தற்செயல் பைட்டுகள் போல ஆக்கிவிடும். எந்த நெறிமுறை என்றே சொல்ல முடியாது. சீனா முன்பு செய்த தந்திரம் இது: சந்தேகப்படும் முகவரிக்குத் தானே ஒரு வாடிக்கையாளர் போலப் போய், ‘நீ டோரா?’ என்று தட்டிப் பார்ப்பது. ஓபிஎஃப்எஸ்4 அதற்குப் பதிலே சொல்லாது. பிரிட்ஜின் விவரங்கள் அடங்கிய ‘பிரிட்ஜ் வரி’யில் இருக்கும் ரகசியச் சாவி தெரிந்தவருக்கே கதவு திறக்கும்.

சீனா அதற்கும் வழி கண்டது. 2021 நவம்பரிலிருந்து நடந்ததை 2023 யூசெனிக்ஸ் பாதுகாப்பு மாநாட்டு ஆய்வு அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டியது. இணைப்பின் முதல் பாக்கெட்டில் ஒரு பைட்டுக்குச் சராசரியாக எத்தனை ‘1’ பிட்கள் என்று எண்ணுகிறார்கள். தற்செயல் தரவில் அது 4-ஐ ஒட்டியே இருக்கும். 3.4-க்குக் கீழே அல்லது 4.6-க்கு மேலே இருந்தால் விட்டுவிடு. முதல் ஆறு பைட்டும் அச்சிடக்கூடிய எழுத்துகளாக இருந்தால் விட்டுவிடு. டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ் தளங்களின் மறைகுறி நெறிமுறை) போலவோ எச்டிடிபி போலவோ தொடங்கினால் விட்டுவிடு. எதிலும் சேராவிட்டால் வெட்டு. அடுத்த 180 விநாடிக்கு அந்தச் சர்வரின் அந்தப் போர்ட்டுக்கு மறுபடி இணைக்கவும் முடியாது. எந்த உருவமும் இல்லாமல் இருப்பதே அடையாளமாகிவிட்டது. எல்லா இணைப்புக்கும் இப்படிச் செய்தால் வியாபாரம் பாதிக்கும் என்பதால் குறிப்பிட்ட சில சர்வர் நிறுவனங்களின் முகவரிகளுக்கு மட்டும், அதிலும் நான்கில் ஒரு பங்கு இணைப்புகளுக்கு மட்டும் செய்தார்கள். தணிக்கையாளனுக்கும் பட்ஜெட் உண்டு. ஒவ்வொரு முகமூடியும் அந்தப் பட்ஜெட்டின் மீதுதான் பந்தயம் கட்டுகிறது.

வெப்டன்னல் இந்தப் பாடத்திலிருந்து வந்தது. 2024 மார்ச் 12-இல் டோர் திட்டம் அறிவித்தது. மறைந்துகொள்ளாமல், சாதாரண எச்டிடிபிஎஸ் இணையதளம் போலவே நடிக்கும். அதே முகவரியில் உண்மையான ஒரு தளமும் இருக்கலாம். தட்டிப் பார்ப்பவருக்கு அந்தத் தளம்தான் தெரியும். ‘எனக்குத் தெரிந்த நெறிமுறையை மட்டுமே அனுமதிப்பேன்’ என்கிற நெட்வொர்க்கிலும் இது நுழைந்துவிட வாய்ப்பு அதிகம். 2024 இறுதியில் ரஷ்யாவுக்காக 200 வெப்டன்னல் பிரிட்ஜ்கள் வேண்டும் என்று டோர் திட்டம் தன்னார்வலர்களிடம் கேட்கும் அளவுக்கு அதன் மதிப்பு கூடியது.

ஸ்னோஃப்ளேக் வேறு ரகம். உலகம் முழுக்கத் தன்னார்வலர்களின் பிரௌசர்களே தற்காலிக நுழைவாயில்களாகின்றன. வீடியோ அழைப்புக்குப் பயன்படும் வெப்ஆர்டிசி வழியாகத் தரவு போகும். முகவரி மாறிக்கொண்டே இருப்பதால் பட்டியல் போட்டுத் தடுப்பது கடினம். 2022 செப்டம்பரில் மாசா அமினி மரணத்துக்குப் பின் ஈரானில் வெடித்த போராட்டத்தின்போது இதன் பயன்பாடு பல மடங்கு எகிறியது. அக்டோபர் 4 அன்று திடீரென்று சரிந்தது. ஸ்னோஃப்ளேக் எழுதப்பட்டிருந்த ‘கோ’ நிரல்மொழியின் டிஎல்எஸ் கைகுலுக்கல், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அனுப்புவதைப் போல இல்லாமல் தனித்துத் தெரிந்தது; அதை வைத்தே ஈரான் வெட்டியது. பிரபல பிரௌசரைப் போல் கைகுலுக்கும் புதிய பதிப்பு வந்த பிறகு மீண்டது. இந்தப் பிரௌசரில் அப்டேட் அறிவிப்பை ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. குறை என்னவென்றால், இடையில் நிற்கும் தன்னார்வலர் பிரௌசரை மூடினால் இணைப்பு தடுமாறும்.

மீக், பல தளங்களின் உள்ளடக்கத்தை விநியோகிக்கும் பெரிய சிடிஎன் நிறுவனத்துடன் பேசுவதுபோல நடிக்கும். 2018 ஏப்ரலில் கூகுளும் அமேசானும் தங்கள் மேடைகளில் இந்த உத்திக்குக் கதவடைத்துவிட்டன. மிச்சமிருப்பது மெதுவானது, நடத்தும் செலவும் அதிகம். வேறெதுவும் ஓடாதபோது மட்டும்.

ஆகவே இந்தியாவில் வீட்டு இணைப்பில் பிரிட்ஜே வேண்டாம். அநாவசியமாகப் போட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். அலுவலக, கல்லூரி வைஃபையில் முதலில் ஸ்னோஃப்ளேக். ரஷ்யாவிலோ ஈரானிலோ படிக்கும், வேலை செய்யும் உறவினர்களுக்கு வெப்டன்னல் வரி ஒன்றையும் ஓபிஎஃப்எஸ்4 வரி ஒன்றையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிரௌசருக்குள்ளேயே வரும் ஓபிஎஃப்எஸ்4 முகவரிகள் எல்லோருக்கும் தெரிந்தவை, அங்கே அவை முதல் நாளே போய்விடும். புதியதை டெலிகிராமில் டோரின் கெட்பிரிட்ஜஸ்பாட்டிடம் கேட்கலாம். அல்லது ஜிமெயில், ரைஸ்அப் கணக்கிலிருந்து மின்னஞ்சல் அனுப்பலாம். வேறு மின்னஞ்சல் கணக்குகளுக்குப் பதில் வராது.

பிரிட்ஜ் வரியை ஒட்டும்போது அதிகம் நடக்கும் கோளாறு: வாட்ஸ்அப்பில் வந்த வரி நடுவில் உடைந்திருக்கும். ஓபிஎஃப்எஸ்4 வரியில் ஐபி முகவரியும் போர்ட்டும், பிறகு 40 எழுத்துக் கைரேகை, அதன்பின் 70 எழுத்துச் சாவி என்று வரும். ஒரு எழுத்து போனாலும் எந்தப் பிழைச் செய்தியும் சொல்லாமல் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். நல்லவேளையாக ஒவ்வொரு பிரிட்ஜுக்கும் நான்கு எமோஜிகளைப் பிரௌசர் காட்டுகிறது. அனுப்பியவர் திரையில் தெரியும் அதே நான்கு எமோஜியும் உங்கள் திரையில் அதே வரிசையில் வந்தால் வரி முழுசாக வந்திருக்கிறது. க்யூஆர் குறியீடாகவும் பகிரலாம். சின்ன விஷயம்தான், பயனாளரை நினைத்துச் செய்த வடிவமைப்பு.

தினசரிப் பயன்பாட்டில்

செய்தி, கட்டுரை, பிடிஎஃப் படிக்கப் போதுமான வேகம். வீடியோ தரம் குறைத்தால் ஓடும். வீடியோ அழைப்பை மறந்துவிடுங்கள். அழைப்புகள் பெரும்பாலும் பயன்படுத்தும் யுடிபி வகைத் தரவை டோர் சுமக்காது. டோரண்ட் இறக்கினால் உங்கள் ஐபி வெளியே கசியும், மற்றவர்கள் வேகமும் சாகும்.

எரிச்சல் வேறெங்கோ இருக்கிறது. கிளவுட்ஃபிளேர் பின்னால் இருக்கும் தளங்களும் கூகுள் தேடலும் ‘நீங்கள் மனிதர்தானா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வங்கித் தளங்கள் பல உள்ளேயே விடாது. வங்கி வேலைக்கு இது தேவையும் இல்லை. ஒரு தளம் அடம்பிடித்தால் முகவரிப் பட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் சர்க்யூட் (மூன்று ரிலேக்கள் சேர்ந்த பாதை) சின்னத்தை அழுத்தி, அந்தத் தளத்துக்கு மட்டும் புதிய சர்க்யூட் கேளுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அதேதான். எல்-க்குப் பதில் யு அழுத்தினால் புதிய அடையாளம்: எல்லாத் தாவல்களும் மூடி, குக்கிகள் அழிந்து, பிரௌசர் புதிதாகத் தொடங்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு பாதி எழுதிய மின்னஞ்சலை இழப்பது சகஜம்.

சர்க்யூட்டில் நடுவும் கடைசியும் மாறிக்கொண்டிருக்க, முதல் ரிலே மட்டும் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அது கோளாறல்ல. அடிக்கடி மாற்றினால் என்றாவது ஒருநாள் முதல் ரிலேவும் கடைசி ரிலேவும் ஒரே கண்காணிப்பாளரின் கையில் விழுந்துவிடும் வாய்ப்பு கூடும்.

பாதுகாப்பு நிலை மூன்று உண்டு. ‘சேஃபஸ்ட்’ வைத்தால் ஜாவாஸ்கிரிப்ட் முழுக்க நின்றுவிடும். இன்றைய செய்தித் தளங்கள் பல வெறும் வெள்ளைத் தாளாகத் தெரியும். படிக்க மட்டும் என்றால் ‘ஸ்டாண்டர்ட்’ போதும். வேறு எக்ஸ்டென்ஷன் எதையும் போடாதீர்கள். எல்லா டோர் பிரௌசரும் ஒன்றுபோலத் தெரிவதில்தான் பாதுகாப்பு. உங்களுடையது மட்டும் வித்தியாசமாகத் தெரிந்தால் கூட்டத்தில் தனியாக நிற்பீர்கள். பக்கத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பட்டை வருவதும் அதற்காகத்தான், திரையின் துல்லியமான அளவு வெளியே தெரியாமலிருக்க.

மெனு தமிழில் இல்லை. மலாய், பர்மியம், தாய் மொழிகளில் எல்லாம் இருக்கிறது; தமிழும் இந்தியும் இல்லை. இணையத்தை அடிக்கடி துண்டிக்கும் நாடுகளின் வரிசையில் இந்தியா முன்னால் நிற்கும்போது இது சங்கடமான இடைவெளி. மொழிபெயர்ப்பு தன்னார்வலர்களால் நடப்பது, ஆக மொத்தப் பழியையும் அவர்கள் மேல் போட முடியாது.

ஆண்ட்ராய்டில் தனி டோர் பிரௌசர் உண்டு, கணினிப் பதிப்புக்கு மிக நெருக்கம். ஐஃபோனில் இல்லை, அங்கே ஆப்பிளின் வெப்கிட்டைத்தான் பயன்படுத்தியாக வேண்டியிருந்ததால் ஆனியன் பிரௌசர் என்ற வேறு ஆப்பைப் பரிந்துரைக்கிறார்கள். பாதுகாப்பு ஒரு படி குறைவு. மற்ற ஆப்களையும் டோர் வழியே அனுப்ப ஆர்பாட் இருக்கிறது. ஷாவ்மி, ஓப்போ, விவோ ஃபோன்களில் திரை அணைந்ததும் பேட்டரி சேமிப்பு அதைக் கொன்றுவிடும். பேட்டரி அமைப்பில் ஆர்பாட்டுக்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

செய்யாதவை

படிப்பதற்கு அருமையான கருவி. பேசுவதற்கு அந்த அளவுக்கு இல்லை. கைபேசி எண் கொடுத்துத் திறந்த ஃபேஸ்புக் கணக்கில் டோர் வழியே நுழைந்து ஒரு பதிவு போட்டால் தடையைத் தாண்டியிருப்பீர்கள், அவ்வளவுதான். எழுதியது யார் என்பது கணக்கிலேயே இருக்கிறது. இணையப் பதிவுகளுக்காக வழக்குப் போடப் பயன்பட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் ரத்து செய்தது. பதிவுக்காக வழக்குப் போட வேறு பிரிவுகள் மிச்சம் இருக்கின்றன. இலங்கையில் 2024-இன் 9-ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் ஆணைக்குழு ஒன்றின் கையில் பதிவை நீக்கச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. இவை எழுதியவரைத் தேடி வரும் சட்டங்கள். பாக்கெட்டை மறைக்கும் கருவி இங்கே பாதி விடைதான்.

டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் மறையாது. 2013 டிசம்பரில் ஹார்வர்டில் தேர்வைத் தள்ளிப்போட வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் டோர் வழியாகவே அனுப்பினார். அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையில் டோரைத் தொட்டவர்கள் யார் என்று பார்த்தே அவரிடம் வந்துவிட்டார்கள். குற்றவாளிக்கு நடந்தது, தன் அலுவலக முறைகேட்டை வெளிக்கொண்டுவர நினைக்கும் ஊழியருக்கும் நடக்கும். அலுவலக இணைப்பில் அதைச் செய்யாதீர்கள். இறக்கிய வேர்டு, பிடிஎஃப் கோப்புகளை இணைப்பு இருக்கும்போதே வெளி மென்பொருளில் திறக்காதீர்கள்; அந்த மென்பொருள் டோரைச் சுற்றிக்கொண்டு நேரே இணையத்துக்குப் போகலாம்.

இணையமே இல்லாவிட்டால் டோரும் இல்லை. காஷ்மீரில் 2019 ஆகஸ்ட் 5-இல் எல்லாம் அணைந்தது. அடுத்த ஜனவரியில் 2ஜியும், அனுமதித்த தளங்களின் பட்டியலும் மட்டும் வந்தன. 4ஜி திரும்ப 2021 பிப்ரவரி ஆனது. பட்டியலில் உள்ளதை மட்டும் விடு என்கிற நெட்வொர்க்கில் எந்த முகமூடியும் சுலபமாக எடுபடாது. புளூடூத்தில் ஓடும் பிரையர் போன்ற ஆப்களே அப்போது மிச்சம். 2023 மே மாதம் இந்தியா முடக்கிய 14 ஆப்களில் அதுவும் ஒன்று. டோரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்தியாவில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் ஜம்மு காஷ்மீரின் சில மாவட்டங்களில் விபிஎன்னுக்கே நிர்வாகம் தடை ஆணை போட்டதுண்டு. அங்கே இருப்பவர்கள் உள்ளூர் ஆணையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இலங்கையில் 2007-இல் தமிழ்நெட் செய்தித் தளம் முடக்கப்பட்டது. 2018 மார்ச் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3-ஆம் தேதியும் சமூக ஊடகங்கள் நிறுத்தப்பட்டன. இணையம் இருந்தது, சில சேவைகள் மட்டும் இல்லை. டோர் வசதியாக வேலை செய்யும் நிலைமை இதுதான். ஆனால் வாட்ஸ்அப் அழைப்பு வேண்டியவர்களுக்கு அங்கே விபிஎன்தான் கைகொடுக்கும். யுடிபி பிரச்சினையை மறுபடி நினைவில் வையுங்கள்.

விபிஎன் வேகமானது, எளிது. ஆனால் நீங்கள் யார், எங்கே போகிறீர்கள் என்ற இரண்டும் ஒரே நிறுவனத்துக்குத் தெரியும். 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்களை வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐபி எல்லாவற்றையும் ஐந்து ஆண்டு வைத்திருக்கச் சொன்னது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்து சர்வர்களையே எடுத்துவிட்டன. இலவச விபிஎன் எப்படிப் பணம் சம்பாதிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் பிடிக்காது. டோர் திட்டத்தின் பணம் எங்கிருந்து என்று கேட்டால், நீண்ட காலம் பெரும்பங்கு அமெரிக்க அரசிடமிருந்து. ஆனியன் ரவுட்டிங் பிறந்ததே 1990-களில் அந்நாட்டுக் கடற்படை ஆய்வகத்தில். இதை வைத்துச் சந்தேகப்படுகிறவர்களைக் குறைசொல்ல மாட்டோம். நிரல் திறந்திருப்பதும், ரிலேக்களைப் பல நாடுகளில் பலர் நடத்துவதும் அந்தச் சந்தேகத்துக்கான பதில். விபிஎன் நிறுவனம் எதுவும் அந்த அளவுக்குத் தன்னைத் திறந்து காட்டுவதில்லை.

தடை எதுவும் இல்லாத ஊரில் இருந்துகொண்டு கொஞ்சம் உதவ நினைப்பவர்களுக்கு ஒரு வழி: ஃபயர்ஃபாக்ஸ் அல்லது குரோமில் ஸ்னோஃப்ளேக் எக்ஸ்டென்ஷனைப் போட்டுவிடுங்கள். பிரௌசர் திறந்திருக்கும்வரை யாரோ ஒருவருக்கு நுழைவாயிலாக இருப்பீர்கள். அவர் பார்க்கும் தளத்துக்கு உங்கள் ஐபி போகாது; உங்களிடமிருந்து ஒரு பிரிட்ஜுக்குத்தான் தரவு போகிறது. ஆகவே கடைசி ரிலே நடத்துபவருக்கு வரும் போலீஸ் தொல்லை இதில் வர வழியில்லை. கடைசி ரிலேவை மட்டும் வீட்டு இணைப்பில் நடத்தாதீர்கள். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் கைபேசி நிறுவனங்கள் பலரை ஒரே ஐபிக்குப் பின்னால் அடைத்து வைத்திருப்பதால் ‘என்ஏடி’ எனும் அந்த முகவரிப் பகிர்வின் நெருக்கடியில் பயனாளர்கள் குறைவாகவே வந்து சேருவார்கள். வீட்டு ஃபைபரில், டேட்டா வரம்பைப் பார்த்துக்கொண்டு ஓடவிடுவதே சரி. கடந்த 24 மணி நேரத்தில் எத்தனை பேருக்கு வழிவிட்டிருக்கிறீர்கள் என்று எக்ஸ்டென்ஷன் சின்னத்தை அழுத்தினால் தெரியும்.